பழைய பைக்கில் கூலன்ட் ஒழுகல்: எங்கே என்று கண்டுபிடித்து வீட்டிலேயே சரிசெய்யும் முழு வழிகாட்டி

காலையில் பைக்கை வெளியே எடுத்தால், இன்ஜினுக்கு அடியில் சிமென்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தொட்டால் வழவழப்பு, முகர்ந்தால் லேசான இனிப்பு வாடை. பெட்ரோல் இல்லை, ஆயிலும் இல்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்தான்.

2008-இல் யமஹா ஆர்15 வந்த பிறகுதான் கூலன்டை ஆறவைக்கும் ரேடியேட்டர் வைத்த பைக் நம் தெருக்களில் பரவலாகக் கண்ணில் படத் தொடங்கியது. 2011-இல் ஹோண்டா சிபிஆர் 250ஆர், 2012-இல் கேடிஎம் டியூக் 200, பஜாஜ் பல்சர் 200 என்எஸ் என்று வரிசையாக வந்தன. அன்று வாங்கிய வண்டிகளுக்கு இன்று பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. ரப்பருக்கு அது பெரிய வயது. இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2013-இல் வாங்கிய ஒரு 200 சிசி வண்டி. அதில் முதல்முறை ஒழுகியபோது ஒரு பட்டறையில் காட்டினேன். ரேடியேட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினேன். பத்தே நாளில் அதே இடத்தில் அதே ஈரம். ஓட்டை ரேடியேட்டரில் இல்லவே இல்லை. வாட்டர் பம்ப்பில் ஒழுகியது ஓடும்போது காற்றில் சிதறி, பார்ப்பவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிட்டது. அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒழுகும் இடத்தைக் கண்ணால் பார்க்கும்வரை ஸ்பானரைத் தொடுவதில்லை. அதனால்தான் கழற்றி மாட்டுவதைவிடத் தேடுவதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

தொடங்குவதற்கு முன் இரண்டு எச்சரிக்கை

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே கூலன்ட் அழுத்தத்தில் இருக்கிறது. பல பைக்குகளின் மூடியில் 1.1 என்று எழுதியிருக்கும். வெளிக்காற்றைவிட 1.1 பார் கூடுதல் அழுத்தம் வரை மூடி தாக்குப்பிடிக்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும், கூலன்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி மேலே போகும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விலகி, அத்தனையும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் பீய்ச்சும். வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரமாவது விடுங்கள், இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. ஆறிய பிறகும் தடித்த துணியை மூடிமேல் போட்டு, முதல் நிறுத்தம்வரை மட்டும் திருப்பி, சத்தம் ஏதும் வரவில்லை என்றால்தான் அழுத்தித் திருப்பி முழுதாக எடுங்கள்.

அடுத்தது கூலன்ட் விஷம். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் பழுதாகிவிடும். வடித்த கூலன்டைத் தெருவிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். திறந்த தட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கவும் போகாதீர்கள். மூடி உள்ள கேனில் பிடித்து, மேலே எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

கூலன்ட் போகும் வழி

இன்ஜின் ஓடும்போது வாட்டர் பம்ப் கூலன்டை சிலிண்டரையும் அதன் மேல்பகுதியான ஹெட்டையும் சுற்றியுள்ள அறைகளுக்குள் தள்ளுகிறது. சூட்டுக்கேற்பத் தானாகத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்வரை மூடியே இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் 70-லிருந்து 85 டிகிரிக்குள் அது திறக்கத் தொடங்கும். அப்புறம்தான் கூலன்ட் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், ஆறி, கீழ் ஹோஸ் வழியாகப் பம்ப்புக்குத் திரும்பும். சூட்டில் விரிந்து மிஞ்சும் கூலன்ட், மூடியிலுள்ள ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு சின்னக் குழாய் வழியாகப் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகும். வண்டி ஆறியதும் மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு திறந்து, போனதை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இந்தப் போக்குவரத்து மனதில் பதிந்தால் பாதி நோய் தானாகவே புரிந்துவிடும். டப்பா நிறைந்து வழிகிறது, ஆனால் ரேடியேட்டரைத் திறந்தால் குறைந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் திரும்பி வரும் வழியில்தான் கோளாறு. மூடியின் வால்வோ சின்னக் குழாயோதான் காரணம். காலையில் ரேடியேட்டர் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டியிருந்தாலும் இதேதான். டப்பாவை மேல்கோட்டுக்கு மேலே நிரப்பிவிட்டால் சூட்டில் வழிவது இயல்பு. அது ஒழுகல் இல்லை, கோட்டுக்குள் ஊற்றினால் நின்றுவிடும்.

ஒழுகும் இடத்தைத் தேடுவது

முதலில் கழுவுங்கள். ஃபேரிங் (பக்கவாட்டுப் பிளாஸ்டிக் கவர்) இருந்தால் கழற்றிவிடுங்கள். ஷாம்பூ கலந்த தண்ணீரில் இன்ஜின், ரேடியேட்டர், ஹோஸ் எல்லாவற்றையும் பிரஷ் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம். அதன் வேகத்தில் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

ஆனால் கழுவுவதற்கு முன்பே டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பாருங்கள். சூடான இரும்பில் சொட்டும் கூலன்ட் உடனே ஆவியாகிவிடும், தரைக்கு வரவே வராது. போகும்போது ஒரு தடயத்தை விட்டுப்போகும்: வெள்ளையாகவோ, கூலன்டின் நிறத்திலேயே பச்சையாக, நீலமாக, ரோஸாகவோ உப்புப் படிந்ததுபோல் ஒரு காய்ந்த படிவம். ஹோஸ் நுனி, பம்ப் கவரின் விளிம்பு, ஹெட்டும் சிலிண்டரும் சேரும் கோடு, ரேடியேட்டர் ஓரம் எல்லாவற்றிலும் அந்தப் படிவத்தைத் தேடுங்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் கழுவுங்கள்.

காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் எல்லாம் சாதாரண முகப் பவுடரைத் தூவுங்கள். ஈரம் பட்டால் பவுடரில் கோடு கிழித்ததுபோல் வழி தெரியும். வண்டியின் அடியில் பெரிய அட்டையை விரித்து, முன்சக்கரம் எங்கே, ஸ்டாண்ட் எங்கே என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். சொட்டு எந்தப் புள்ளியில் விழுந்தது என்று அது காட்டிக்கொடுக்கும்.

இனி மூன்று நேரங்களில் பார்க்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலையில் ஒருமுறை, ஏனென்றால் வயதான ரப்பர் குளிரில் சுருங்கி, அப்போது மட்டும் கசியும் ஹோஸ்கள் உண்டு. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் திருகாமல், ஓடவிட்டு ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை ஒருமுறை. கடைசியாக இன்ஜினை அணைத்த முதல் பத்து நிமிடங்கள். இந்தக் கடைசி நேரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அணைத்ததும் கூலன்ட் ஓட்டம் நின்றுபோவதால் உள்ளே சூடு இன்னும் கொஞ்சம் ஏறும், அழுத்தமும் கூடும். ஓடும்போது ஏமாற்றிய கசிவு அப்போது வெளிவரும். ஃபேன் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள், சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அது ஓடும்.

இவ்வளவும் செய்தும் பிடிபடவில்லை என்றால் பிரஷர் டெஸ்டர் இருக்கும் ரேடியேட்டர் பட்டறைக்குப் போங்கள். கைப்பம்ப்பால் ரேடியேட்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து, முள் இறங்குகிறதா என்று பார்க்கும் கருவி அது. பைக் ரேடியேட்டரின் கழுத்து, அதாவது மூடி உட்காரும் வாய், காரைவிடச் சின்னது, அதற்கேற்ற அடாப்டர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். மூடியில் எழுதியுள்ள அழுத்தத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

அட்டையும் பவுடரும் ஒன்றுமே காட்டவில்லை, கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போகிறது என்றால் அது இன்ஜினுக்குள் போகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூடி

விலை குறைவு, மாற்ற ஒரு நிமிடம். அதனால் முதலில் இங்கே தொடங்குங்கள். கழற்றி, அடியிலுள்ள ரப்பர் வளையத்தில் வெடிப்போ ஆழமான பள்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள். நடுவிலுள்ள சின்ன வால்வை நகத்தால் இழுத்துவிட்டால் டக்கென்று திரும்ப உட்கார வேண்டும். மூடி உட்காரும் ரேடியேட்டர் கழுத்தில் கீறலோ உப்போ இருந்தால் புது மூடியும் பிடிக்காது, துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். புதிதாக வாங்கும்போது அதே எண் உள்ள மூடியையே வாங்குங்கள். அதிக அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கூடுதல் அழுத்தம் அடுத்துப் பலவீனமாக இருக்கும் பழைய ஹோஸைப் பிளந்துவிடும்.

ஹோஸும் கிளிப்பும்

இன்ஜின் ஆறியபின் ஹோஸ் முழுவதையும் விரலால் அமுக்கிக்கொண்டே போங்கள். நல்ல ஹோஸ் அமுங்கித் திரும்பும். கல் மாதிரி இறுகியிருந்தாலும், கொழகொழவென்று ஊதியிருந்தாலும், அமுக்கும்போது உள்ளே நொறுங்குவதுபோல் உணர்ந்தாலும் ஆயுள் முடிந்துவிட்டது. வளைவுகளிலும் கிளிப்பின் ஓரத்திலும்தான் வெடிப்பு முதலில் வரும். ஒன்று போயிருந்தால் எல்லா ஹோஸையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒரே வயதுள்ள ரப்பர்கள், ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

ஹோஸ் நன்றாக இருந்து, நுனியில் மட்டும் கசிந்தால் கிளிப்தான். கம்பெனியில் வரும் ஸ்பிரிங் கிளிப் வருடக்கணக்கில் சூடேறி ஆறி இறுக்கம் இழந்துவிடும். ஸ்க்ரூ வைத்த கிளிப் போடலாம், ஓரம் மழுங்கிய நல்ல தரமாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான கிளிப்பின் துளைகள் ரப்பரைத் துருவிவிடும்.

கழற்றுவதற்கு முன் கூலன்டை வடிக்க வேண்டும். வாட்டர் பம்ப் கவரின் கீழே பெரும்பாலும் ஒரு சின்ன வடிகால் போல்ட் இருக்கும், தாமிர வாஷர் போட்டது. அடியில் அகலமான தட்டை வைத்து அதைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் மூடி மூடியிருக்கும்வரை கொஞ்சமாகத்தான் வரும், மூடியைத் திறந்ததும் வேகமாகப் பீய்ச்சும். தட்டை முன்கூட்டியே ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

ஒட்டிக்கொண்ட ஹோஸை நேராக இழுக்காதீர்கள். முதலில் இடமும் வலமுமாகத் திருகி விடுவித்துவிட்டு, அப்புறம் இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினால் ஹோஸ் ஏறியிருக்கும் ரேடியேட்டரின் அலுமினியக் கழுத்து வளைந்துவிடும், சில நூறில் முடியும் வேலை ஆயிரக்கணக்கில் போய்விடும். எப்படியும் தூக்கிப்போடப்போகும் ஹோஸ் என்றால் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள், கழுத்தில் பிளேடு படாமல்.

கழுத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதை மெல்லிய எமரித்தாளால் சுற்றுவாட்டத்தில் தேய்த்து வழவழப்பாக்குங்கள். நீளவாக்கில் தேய்த்தால் கீறல் வழியே கூலன்ட் வெளியே நடந்து வரும். புது ஹோஸின் உள்பக்கம் கொஞ்சம் கூலன்ட் தடவி ஏற்றுங்கள். கிரீஸோ ஆயிலோ வேண்டவே வேண்டாம். இந்த ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஹோஸ் கழுத்தின் மேடான வளையத்தைத் தாண்டி முழுதாக ஏற வேண்டும், கிளிப் அந்த வளையத்துக்குப் பின்னால் உட்கார வேண்டும். வளையத்தின் மேலேயே கிளிப் நின்றால் முதல் சூட்டிலேயே வழுக்கும். ஸ்க்ரூவை ரப்பர் இருபக்கமும் லேசாகப் பிதுங்கும்வரை இறுக்கினால் போதும்.

வளைந்த ஹோஸுக்குப் பதில் நேரான குழாயை வெட்டி வளைத்துப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சூட்டில் மடங்கி ஓட்டமே நின்றுவிடும். அந்த வண்டிக்கென்று வார்த்த ஹோஸையே வாங்குங்கள்.

ரேடியேட்டர்

முன்சக்கரத்துக்குப் பின்னால் நிற்பதால் கல்லடி வாங்கும் இடம் இதுதான். தகடுகள் மடங்கியிருந்தால் அது ஒழுகல் இல்லை. மெல்லிய, மழுங்கிய முனையுள்ள ஒரு குச்சியால் பொறுமையாக நிமிர்த்துங்கள். தகடுகளுக்கு நடுவே ஓடும் தட்டையான குழாயில் ஓட்டை இருந்தால்தான் வேலை.

கழற்றி, எல்லா வாய்களையும் அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, சைக்கிள் பம்ப்பால் மெதுவாகக் காற்றடித்தால் குமிழி வரும் இடம் தெரியும். பஞ்சர் கடையில் டியூபைப் பார்ப்பதுபோலத்தான். அலுமினிய ரேடியேட்டரை ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுக்கலாம், ஆனால் மெல்லிய குழாயில் வெல்டிங் நுணுக்கமான வேலை. செய்து பழகிய கையாகப் பாருங்கள். பக்கவாட்டுத் தொட்டி பிளாஸ்டிக்காக இருந்து அது உலோகத்தோடு சேரும் மடிப்பில் கசிந்தால் மாற்றுவதுதான் வழி. எபாக்ஸி பூச்சு ஊர் வந்து சேர உதவும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

கசிவை அடைக்கும் திரவங்களை ரேடியேட்டருக்குள் ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. ஓட்டையை எது அடைக்கிறதோ அதுவேதான் குறுகிய குழாய்களையும் தெர்மோஸ்டாட்டையும் அடைக்கும். பைக் ரேடியேட்டரில் எல்லா வழிகளும் குறுகியவை.

வாட்டர் பம்ப்: கவனமாகச் செய்ய வேண்டிய வேலை

பம்ப்பின் அடிப்பக்கம் ஒரு தீக்குச்சி நுழையும் அளவில் சின்ன ஓட்டை இருக்கும். பலர் அதை விரிசல் என்றோ தேவையில்லாத ஓட்டை என்றோ நினைத்து எம்சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அதைப்போல ஆபத்தான வேலை வேறில்லை. பம்ப்பின் தண்டில் இரண்டு சீல்கள் உண்டு. கூலன்ட் பக்கம் மெக்கானிக்கல் சீல், இன்ஜின் பக்கம் ஆயில் சீல். இரண்டுக்கும் நடுவில் இந்த ஓட்டை. எந்த சீல் தோற்றாலும் கசிவது வெளியே வரட்டும், ஒன்றோடு ஒன்று கலக்க வேண்டாம் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். ஓட்டையில் கூலன்ட் வந்தால் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது, ஆயில் வந்தால் ஆயில் சீல். அடைத்துவிட்டால் கூலன்ட் போக்கிடமில்லாமல் ஆயிலுக்குள் இறங்கும், பேரிங்கும் கிளட்ச் பிளேட்டும் கெடும்.

ஓட்டையில் இல்லாமல் கவரின் ஓரத்தில் கசிந்தால் நல்ல செய்தி. அங்கே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையோ இடுக்கை அடைக்கும் பேக்கிங்கையோ மாற்றினால் போதும், சீலைத் தொட வேண்டியதில்லை.

சீல் மாற்றும் வேலையை கிளட்ச் கவரோடு சேர்ந்த பம்ப்பை வைத்துச் சொல்கிறேன். இந்த 150, 200 சிசி வண்டிகளில் அந்த அமைப்பைத்தான் அதிகம் பார்க்கலாம். வேலைக்கு முன் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூலன்டைத் தள்ளும் சின்னச் சக்கரமான இம்பெல்லர் சில வண்டிகளில் மரையில் ஏறியிருக்கும், சிலவற்றில் லாக் வளையத்தில் நிற்கும். மரை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் பலம் போட்டால் தண்டு உடையும்.

முதலில் கூலன்டை முழுதாக வடியுங்கள், அப்புறம் இன்ஜின் ஆயிலையும் வடியுங்கள். பம்ப் கவரைக் கழற்றியதும் இம்பெல்லரை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங்கும் போயிருக்கிறது. அதை மாற்றாமல் புது சீல் போட்டால் தண்டின் ஆட்டத்தில் சீல் சீக்கிரம் தேய்ந்துவிடும். இதைப் பார்க்காமல் விட்டுவிட்டு, புது சீலும் ஒழுகுகிறதே என்று புலம்புபவர்கள் நிறைய.

கிளட்ச் கேபிளை விடுவித்து, கவரின் போல்ட்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். போல்ட்கள் ஒரே நீளத்தில் இருக்காது. அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே அட்டையில் குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டை ஆழம் குறைந்த ஓட்டையில் இறுக்கினால் கவர் பிளந்துவிடும். கவர் வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் ஓரங்களில் தட்டுங்கள், இடுக்கில் உளி வேண்டாம். கவரைச் சரியான இடத்தில் நிறுத்தும் இரண்டு சின்ன டவல் பின்கள் கீழே விழுந்து உருளும், கண் வையுங்கள்.

இம்பெல்லரும் தண்டும் வெளியே வந்ததும், தண்டில் ஆயில் சீலின் உதடு உரசும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டினால் தண்டையும் மாற்ற வேண்டும். பழைய சீல்களை எடுக்கும்போது அவை உட்காரும் அலுமினியச் சுவரில் கீறல் விழக்கூடாது. கவரைக் கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் வைத்தால் அலுமினியம் விரிந்து சுலபமாக விடும்.

புது ஆயில் சீலைப் பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே போடுங்கள், உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி. மெக்கானிக்கல் சீலுக்கு வேறு முறை. அதன் கார்பன் முகமும் செராமிக் முகமும் கண்ணாடிபோல் வழவழப்பாகச் செய்யப்பட்டவை, அந்த வழவழப்பால்தான் கூலன்டைத் தடுக்கின்றன. விரல் படக்கூடாது, கிரீஸ் படக்கூடாது. பட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, மாட்டும்போது கூலன்டால் மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தள்ளுவதற்கு சீலின் வெளிவிளிம்பில் மட்டும் உட்காரும் அளவுள்ள சாக்கெட்டை வைத்து, நேராக, மெதுவாக அழுத்துங்கள். நடுவில் அழுத்தினால் ஸ்பிரிங் நசுங்கும். சாய்ந்து இறங்கினால் வெளியே எடுத்து இன்னொரு புது சீல் வாங்குங்கள், சாய்ந்ததைத் தட்டி நிமிர்த்தி நான் பார்த்தவரை ஒன்றும் நிலைத்ததில்லை.

பழைய பேக்கிங்கை பிளாஸ்டிக் துண்டாலோ மூங்கில் பட்டையாலோ சுரண்டி எடுங்கள். சுரண்டல் தூள் இன்ஜினுக்குள் விழாமல் துணி வைத்துக்கொள்ளுங்கள். புது பேக்கிங், புது ஓ-ரிங், வடிகால் போல்ட்டுக்குப் புதுத் தாமிர வாஷர். 8 நம்பர் ஸ்பானர் பிடிக்கும் இந்தச் சின்ன போல்ட்களுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும், உங்கள் மேனுவல் சொல்வதே முடிவு. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் சின்ன ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து இறுக்குங்கள். அலுமினியத்தில் மரை போய்விட்டால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் புதிதாகவே இருக்கட்டும்.

வெளியே தெரியாத ஒழுகல்

ஆயில் லெவல் பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த காபி நிறம் தெரிகிறதா? சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? குளிர்ந்த இன்ஜினை மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் கழுத்தில் குமிழிகள் ஓயாமல் வருகின்றனவா? குமிழியும் புகையும் ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ஹெட் பேக்கிங் போய்விட்டதைக் காட்டுகின்றன. ஆயில் மட்டும் வெளுத்திருந்தால் அடைபட்ட பம்ப் ஓட்டையையும் பாருங்கள். மழைக்காலத்தில் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் வண்டியில் ஆயில் மூடியின் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பசை சேர்வது சாதாரணம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஹெட்டைத் திறப்பது டைமிங் செயின், வால்வு இடைவெளி, ஹெட்டின் சமதளம் என்று விரியும் வேலை. முன்பு செய்து பழகாதவர்கள் நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள்.

மறுபடி நிரப்புவது

பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு ஊற்றுவதற்கு விற்கும் அந்தத் தண்ணீர்தான். கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்காதீர்கள். நமக்குத்தான் பனி இல்லையே, வெறும் தண்ணீர் போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்டின் முக்கியமான வேலைகளில் ஒன்று அலுமினியத்தை அரிக்காமல் காப்பது, இன்னொன்று கொதிநிலையை ஏற்றுவது. அதேபோல் முழுக்க முழுக்கக் கூலன்டை மட்டும் ஊற்றுவதும் தவறு, சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு இணை கூலன்ட் இல்லை. போர்வெல் தண்ணீர் ஊற்றினால் நம் கெண்டியின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்க்குள் படியும்.

நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள். நிறம் சாயம்தான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அலுமினிய இன்ஜினுக்கு ஏற்றது, சிலிகேட் இல்லாதது என்று பார்த்து வாங்குங்கள். வகை தெரியாத பழையதோடு புதியதைக் கலக்காமல், முதலில் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி இன்ஜினை ஓடவிட்டு, ஆறவிட்டு, தெளிவாக வரும்வரை வடித்துவிடுங்கள்.

நிரப்பும்போது காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். உள்ளே காற்று தங்கினால் அந்த இடத்தில் கூலன்ட் இல்லை, ஹெட் அங்கே வேகும். கூலன்டை நூல்போல் மெதுவாக ஊற்றுங்கள். ஹோஸ்களை அமுக்கி விடுங்கள், கழுத்தில் குமிழி வரும். வண்டியை இடமும் வலமுமாகச் சாய்த்து மறுபடி ஊற்றுங்கள். மேனுவலில் காற்று நீக்கும் ஸ்க்ரூ காட்டியிருந்தால் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் வந்ததும் இறுக்குங்கள். மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து ஐடிலில் சில நிமிடம் விட்டு, ஆக்ஸிலேட்டரை இரண்டு மூன்று முறை லேசாகத் திருகுங்கள். மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். கூலன்ட் சூடேறி மேலெழும்பத் தொடங்கும் முன்பே மூடியைப் போட்டுவிடுங்கள். டப்பாவில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கட்டும்.

வழியில் ஒழுகினால்

போடிமெட்டு மலைப்பாதை ஏறும்போது ஹோஸ் வெடித்தால் மேலே சொன்ன எதுவும் கையில் இருக்காது. சூட்டு விளக்கு எரிந்ததும் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள், அடுத்த டீக்கடை வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். முழுதாக ஆறட்டும். பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, ஈரம் துடைத்த ஹோஸின்மேல் இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே கம்பியால் கட்டினால் மெதுவான வேகத்தில் ஊர் சேரலாம். கையிலுள்ள குடிநீரை ஊற்றலாம், அவசரத்துக்குத் தவறில்லை. ஆனால் கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று சூட்டைப் பாருங்கள், ஊர் வந்ததும் அந்தத் தண்ணீரை முழுதாக வடித்துவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு

அன்றைக்கே ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி, ஃபேன் ஓடி நிற்பதைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். மறுநாள் காலை, முழுதாக ஆறிய நிலையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். கொஞ்சம் குறைந்திருக்கும், உள்ளே மிஞ்சிய காற்று வெளியேறியதால். நிரப்பிவிட்டு ஸ்க்ரூ கிளிப்புகளை மறுபடி தொட்டுப் பாருங்கள். ஒருமுறை சூடேறி ஆறியதும் ரப்பர் அமர்ந்து, அரைச் சுற்று இறுக்கம் கேட்கும். புது மெக்கானிக்கல் சீல் முதல் சில கிலோமீட்டரில் ஓரிரு சொட்டு விட்டுப் பிறகு நிற்பதும் உண்டு. நூறு கிலோமீட்டர் தாண்டியும் வந்தால்தான் கவலை.

டப்பாவில் இப்போதைய மட்டத்துக்கு நேராக ஒரு டேப் துண்டை ஒட்டி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் குளிர்ந்த வண்டியில் அந்தக் கோட்டைப் பாருங்கள். அட்டையும் ஒரு வாரம் அடியிலேயே கிடக்கட்டும்.